தீயணைப்பான் பார்க்கப் போன இடம்

வேனை நிறுத்த இடமில்லை.
மூர்கேட்டில் விட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு
வங்கிகளின் இடுக்கில் நடந்தேன்.
ஆஸ்டின் பிரையர்ஸ்:
முழங்கை மடித்தது போல் ஒரு சந்து.
அந்த மடிப்புக்குள்
ஒல்லாந்தர் கோயில்.

வேலைச் சீட்டில் இருந்தது இவ்வளவுதான்:
தண்ணீர் ஆறு, கரியமிலம் மூன்று,
சமையலறைக்கு ஒரு தீப்போர்வை.

கதவைத் திறந்தவள் மார்லூஸ்.
வெள்ளைத் தலை, சிவப்புக் காலுறை.
"கவனமாய்ப் பாருங்கள்,
இது ஏற்கெனவே ஒருமுறை போன வீடு."
பகிடியா என்று தெரியவில்லை.
நாற்பதாம் ஆண்டு, அக்டோபர், இரவில் ஒரு குண்டு.
ஆறு நூற்றாண்டுச் சுவர்
விடியும்போது தரையோடு.
இப்போது நிற்பது பிறகு கட்டியது.
உள்ளே கான்கிரீட், மேலே வெள்ளைக் கல்.
"பழசு போல இருக்கும். பழசில்லை"
என்றாள்,
கட்டுப்பல்லைக் காட்டுகிறவள் போல.

முள் பச்சையில் நின்றது.
முத்திரை, குழாய், எடை.
இரண்டாவதுக்குக் குனிந்தபோது யோசித்தேன்,
எங்களிடமும் ஒன்று இருந்தது என்று
சொல்லலாமா, வேண்டாமா.

யாழ்ப்பாணத்தில், கோட்டைக்குள், சிலுவை வடிவில்.
தொண்ணூறில் முற்றுகை.
வானத்திலிருந்தும் விழுந்தது, தரையிலிருந்தும் போனது.
கோயிலை உடைத்தது யார் என்று கேட்டால்
எங்கள் கல்யாண வீடுகளில் இன்றைக்கும்
ஒரு மேசை இரண்டாகும்.

மின்னறைச் சாவிக்காக மேசையை இழுத்தாள்.
தன் பாஷையில் ஏதோ முணுமுணுத்தாள்.
அதற்குள்ளிருந்து ஒரு சொல்
எட்டிப் பார்த்தது.
லாச்சியா? என்றேன்.
லாட்யே, என்றாள், நிமிர்ந்து.
கந்தோர், என்றேன். கான்டோர், என்றாள்.
போஞ்சி.
கக்கூஸ் என்றதும்
வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.
அதை அங்கே இப்போது யாரும் சொல்வதில்லையாம்.
நாங்கள் தினமும் சொன்னோம்,
அவசரத்தில்,
ஷெல்லடிக்கு நடுவிலும்.

சிரிப்பு முடிந்த இடத்தில்தான்
கல் வந்தது.

கோட்டை விழுந்த பிறகு ஊர் கல் பொறுக்கியது.
ஐயா சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு வந்தது
உடைந்த பலகைக் கல், பாதி.
பங்கருக்குக் கூரை.
எழுத்துப் பக்கம் கீழே.
சமமான பக்கம் மேலே இருந்தால்தான்
மண்மூட்டை நிற்கும்.
எனக்குப் பதினொரு வயது.
குப்பி விளக்கை ஊதியதும்
மல்லாந்து கிடந்து விரலால் தடவுவேன்:
முதலாவது, ஒரு படி மட்டும் மிஞ்சிய ஏணி.
அடுத்தது வெறும் தடி.
மொத்தம் எட்டு எழுத்து, பிறகு உடைவு.
பள்ளிக்கூட இங்கிலீசில் அவை ஒன்றும் ஆகவில்லை.
விமானம் போய் முடியும்வரை
எட்டு, திரும்பவும் எட்டு.

வேலைச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன்.
நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கினாள்.
ஹியர் லெய்ட்.
பழைய எழுத்து, என்றாள்.
"இங்கே கிடக்கிறார்.
இதற்குப் பிறகு பெயர் வரும்."

ஐந்து பேர் கிடந்தோம் அதன் கீழே,
ஒரு மாரி முழுக்க,
முழங்கால் மடக்கி.
கல் பொய் சொல்லவில்லை.
மற்றப் பாதி
யார் வீட்டுப் பங்கருக்குப் போனதோ.

அவள் காப்பி ஊற்றினாள். இரண்டு பேரும் பேசவில்லை.
மேலே கண்ணாடி ஓவியத்தில் ஏதோ நீலம்
மெல்ல நகர்ந்து
நான் மாட்டிய சிவப்பு உருளைமேல் விழுந்தது.
சீட்டில் அடுத்த வருடத் தேதி போட்டேன்.

போகும்போது வருகைப் புத்தகத்தை
என் பக்கம் திருப்பினாள்.
பெயர் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
இ. தயாபரன்.
வந்த நேரம் 10.15.
வெளியேறிய நேரம்